கேட்டல்: மறுமொழி தராதவரிடம் இறுதிக்காலம் பற்றிப் பேசுதல்



மொழிக்கெனத் தொடங்கப்பட்ட இச்சொற்பொழிவு வரிசையில் பேச வருமாறு என்னை அழைத்தபோது, ஏற்பாட்டாளர்கள் தொலைபேசி எண்ணை மாற்றி அழுத்திவிட்டார்களோ என்றே முதலில் ஐயுற்றேன். எனக்கு முன்னர் இம்மேடையில் நின்றவர்கள் இலக்கணமும் இலக்கியமும் துறைபோகக் கற்றவர்கள். நானோ சிங்கப்பூர் மருத்துவமனைகளில் முப்பத்தோர் ஆண்டுகள், அவற்றுள் பெரும்பகுதி மூளை நரம்பியல் வார்டுகளில், தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பிறகு எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. ஒருவர் நினைவோடு இருக்கிறாரா என்பதை அறிய மருத்துவம் கையிலெடுக்கும் முதல் கருவி ஒரு வாக்கியம்தான். ‘கண்ணைத் திறங்கள்.’ ‘என் விரலை அழுத்துங்கள்.’ அவ்வாக்கியம் எந்த மொழியில், எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து ஓர் உயிரைப் பற்றிய முடிவு மாறக்கூடும். ஆகவே இவ்வவையில் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு என்று துணிந்து வந்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் எளிதன்று. பேசவோ அசையவோ இயலாமல் படுத்திருக்கும் ஒருவரிடம், அவருடைய இறுதிக்காலச் சிகிச்சையைப் பற்றி நாம் பேச வேண்டுமா? பேசினால் எதைக் கேட்பது? விடை போன்ற ஒன்று வந்தால் அதை எவ்வளவு நம்புவது? தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே வினைச்சொல் செவியால் உணர்வதையும் வினவுவதையும் குறிக்கிறது. என் பேச்சு முழுவதும் இவ்விரு பொருளுக்கும் நடுவேதான் நடக்கும்.

1974ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரேம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் மயக்கத்தின் ஆழத்தை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இன்று அதைப் பயன்படுத்தாத மருத்துவமனையைக் காண்பது அரிது. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். இன்று வழங்கும் வடிவில் குறைந்த அளவு 3. மிகுந்த அளவு 15. உடலசைவுக்குரிய உயர்ந்த மதிப்பெண் 6. சொன்னதைக் கேட்டுச் செய்தால் மட்டுமே அது கிடைக்கும். வலி தரும் இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுவந்தால் 5. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நிற்பது மொழி.

தொண்ணூறுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மூளையில் இரத்தக் கசிவோடு வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள், காலைச் சுற்றில் வந்த மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். பின்னர், அக்கறையுள்ளவர் ஆதலால், மலாயிலும் கேட்டார். கட்டளைக்கு அசைவில்லை. 5 என்று குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். மாலையில் நான் போய் நின்று, ‘ஐயா, என் விரல்களை இறுகப் பற்றுங்கள்’ என்றேன். பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அச்சொற்களே வாயில் வந்தன. ஒன்றும் நிகழவில்லை. பக்கத்தில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் குனிந்து, பெரியவரின் காதருகே, ‘அண்ணே, மிஸ்ஸி கைய நல்லாப் புடிங்கண்ணே’ என்றார். விரல்கள் மடங்கின. மூன்று முறை சொல்லச் சொன்னேன். மூன்று முறையும் மடங்கின.

மறுநாள் இதைக் கேட்ட மருத்துவர், அந்த நேரத்தில் அவர் விழிப்பு சற்று மேலேறியது தற்செயலாகவும் இருக்கலாம் என்றார். அதுவும் சரியே. இத்தகையோரின் விழிப்பு ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஆயினும் தமிழாசிரியர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அசைவு காட்டாதவர்களைக் குறிக்க நாம் வைத்திருக்கும் பெயரையும் பார்க்க வேண்டும். கடுமையான மூளைக்காயம் பட்டவர்களுள் சிலர் ஆழ்மயக்கத்திலிருந்து மீண்டு கண் திறக்கிறார்கள், உறங்கி விழிக்கிறார்கள், தாமாகவே மூச்சு விடுகிறார்கள். ஆனால் தம்மையோ சுற்றியிருப்போரையோ அறிந்ததற்கான அடையாளம் எதுவும் வெளியே தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டு இதே ஜென்னட், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிரெட் பிளம்முடன் சேர்ந்து இந்நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டினார். நாம் அதைத் ‘தாவர நிலை’ என்று பெயர்த்துக்கொண்டோம். அச்சொல்லைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு பலமுறை என் மேல் விழுந்தது. ஒரு பெண் என் முகத்தையே பார்த்து, ‘எங்கப்பாவைச் செடின்னா சொல்றீங்க, மிஸ்ஸி?’ என்று கேட்டாள். அதன் பிறகு அச்சொல்லை நான் வார்டில் பயன்படுத்தியதில்லை. 2010ஆம் ஆண்டு ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று பழைய பெயரைக் கைவிடுமாறு கூறி, ‘மறுமொழியற்ற விழிப்புநிலை’ என்று நாம் சொல்லத்தக்க புதிய பெயரை முன்மொழிந்தது. பழைய பெயர் நோயாளி என்னவாகிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லிற்று. புதிய பெயர் நாம் கண்டதை மட்டும் சொல்கிறது: விழித்திருக்கிறார், மறுமொழி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. கலைச்சொல் ஆக்குவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் புதிய பெயருக்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவனும் அவர்தம் குழுவினரும், சாலை விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக எவ்வித மறுமொழியும் தராத 23 வயதுப் பெண் ஒருவரை, மூளையின் இயக்கத்தைப் படமாக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கிடத்தினர். டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு ஒருமுறை சொன்னார்கள். தம் வீட்டு அறைகளினூடே நடப்பதாகக் கற்பனை செய்யுமாறு மற்றொருமுறை சொன்னார்கள். இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் இயங்கின. நலமாக உள்ளவர்கள் அவ்வாறு கற்பனை செய்யும்போது எப்பகுதிகள் இயங்குமோ அவையே இவரிடமும் இயங்கின. வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜ் குழுவும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குழுவும் சேர்ந்து 54 நோயாளிகளைச் சோதித்ததில் ஐவர் இவ்வாறு கட்டளைக்கு ஏற்ப மூளையை இயக்கினர். அவர்களுள் ஒருவரிடம் டென்னிஸையும் வீட்டையும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளாக்கி, அவர் குடும்பத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் ஆறு கேள்விகள் கேட்டனர். ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு எவ்வித விடையும் தெரியவில்லை. கருவியை விட்டு வெளியே வந்தபின் அதே மனிதரோடு படுக்கையருகே தொடர்புகொள்ள எவ்வளவோ முயன்றும் இயலவில்லை. இச்செய்தியைப் படித்த நாள் எனக்கு இரவுப் பணி. வார்டில் இருந்த நால்வரை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது நினைவிருக்கிறது.

2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இன்னும் தெளிவான எண்களைத் தந்தது. படுக்கையருகே கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேருள் 60 பேரிடம், எம்.ஆர்.ஐ. வழியாகவோ மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. வழியாகவோ, கட்டளைக்கு ஏற்ற இயக்கம் காணப்பட்டது. நால்வருள் ஒருவர். இவர்கள் அத்தகைய கருவிகள் உள்ள ஆய்வு மையங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஆதலால் எல்லா வார்டுகளுக்கும் இவ்விகிதத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அதே ஆய்வில் மற்றோர் எண்ணும் இருக்கிறது. செய்தித்தாள்களில் அதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. சொன்னதைக் கண்முன்னே செய்து காட்டிய 112 பேரைக் கருவிகளால் சோதித்தபோது, 43 பேரிடம் மட்டுமே அவ்வியக்கம் பிடிபட்டது. எஞ்சியோர் நம்மிடம் விரல் அசைத்துக் காட்டியவர்கள்; கருவி அவர்களைக் காணவில்லை. கருவியில் ஒன்றும் தெரியாததால் உள்ளே யாரும் இல்லை என்று எவரும் முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இச்செய்திகளைக் கேட்டவுடன் எல்லாருக்கும் ஒரே எண்ணம் எழுகிறது. வார்டில் இளம் மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள்; என் பேரனும் கேட்டான். அப்படியானால், ‘உயிரோடு இருக்க விரும்புகிறீர்களா?’ என்று அவரிடமே கேட்டுவிடலாமே?

இங்கேதான் நான் தயங்குகிறேன். தயக்கத்துக்கு முதற்காரணம் நம் மொழியிலேயே கிடக்கிறது. ஒருவரைப் பார்த்து, ‘நீங்கள் சாப்பிடவில்லையா?’ என்று கேளுங்கள். ஒருவர், ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்பார். இன்னொருவர், ‘இல்லை, சாப்பிடவில்லை’ என்பார். இருவரும் பட்டினிதான். இருவர் தமிழிலும் பிழையில்லை. முன்னவர் நம் கூற்றை ஆமோதிக்கிறார். பின்னவர் செயல் நடைபெறவில்லை என்கிறார். பின்னால் வரும் வினைமுற்று ஐயத்தைத் தீர்த்துவிடுவதால் அன்றாட வாழ்வில் நமக்கு இக்குழப்பம் தெரிவதில்லை. அந்த வினைமுற்றைப் பறித்துக்கொண்டு, கண்ணை ஒருமுறை இமைத்தால் ஆம், இருமுறை இமைத்தால் இல்லை என்று இரண்டே சைகைகளை விட்டுவைத்தால் என்ன ஆகும்? ‘இந்தக் குழாய் இனி வேண்டாமா, ஐயா?’ என்று மகன் கேட்கிறார். இமை ஒருமுறை தாழ்கிறது. ஆமாம், வேண்டாம் என்றாரா? ஆம், வேண்டும் என்றாரா? நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. பேச்சிழந்து கண்ணால் மட்டும் விடை சொல்லக்கூடிய நோயாளிகளிடம் உறவினர் இப்படித்தான் கேட்பார்கள். பரிவோடு கேட்கும்போது நம் வாயில் எதிர்மறைதான் முந்திக்கொண்டு வருகிறது. ‘வலிக்கலையா?’, ‘தூங்கலையா?’, ‘போதலையா?’ என்போம்.

எனவே என்னிடம் பயிற்சி பெற்ற இளம் தாதியருக்கு நான் சொல்லிவந்தது இது. எதிர்மறையில் கேட்காதீர்கள். ஒரு கேள்வியில் ஒரு செய்திக்கு மேல் வைக்காதீர்கள். கேட்டதையே திருப்பிப் போட்டு, ‘ஆம்’ என்பது ‘இல்லை’யாக மாறும்படி மீண்டும் கேளுங்கள். வேறொரு நாள், வேறொருவர், முந்தைய விடையை அறியாமல் கேட்கட்டும்.

அடுத்த காரணம் சட்டத்தை ஒட்டியது. சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், ஒருவர் தமக்கென ஒரு முடிவை எடுக்கும் திறனுடையவரா என்பதற்கு நான்கைப் பார்க்கச் சொல்கிறது. செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். அதை மனத்தில் நிறுத்த வேண்டும். சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். முடிவைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது பேச்சாலோ சைகை மொழியாலோ வேறு எவ்வழியாலோ இருக்கலாம் என்கிறது சட்டம். அந்நான்காவதை எம்.ஆர்.ஐ. கருவி ஒருவேளை நிறைவேற்றித் தரலாம். மற்ற மூன்றையும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு விடைகளிலிருந்து எப்படி அறிவது? தம் தந்தையின் பெயரைச் சரியாகச் சொன்னவர், தம் மூளைக்கு என்ன நேர்ந்தது, மீள வழியுண்டா, இந்தச் சிகிச்சையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பவற்றையெல்லாம் அறிந்திருக்கிறார் என்று நாம் எப்படிக் கொள்வது? அவரிடம் யாரேனும் சொன்னார்களா? பெரும்பாலும் சொல்லவில்லை. நோயாளிக்குப் புரியாது என்று எண்ணியதால் எவரும் விளக்கவில்லை. விளக்காததால் அவர் புரிந்துகொள்ள வழியில்லை.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. வரும் விடையை ஏற்கும் ஆயத்தம் நம்மிடம் இல்லாதபோது கேட்பது கொடுமை. உயிரைப் போக்குவதற்கு இந்நாட்டில் சட்டம் இடம் தராது; பயனற்ற சிகிச்சையைத் தொடராமல் விடுவதற்கு இடமுண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல் ‘வாழ விருப்பமா?’ என்று பொதுப்படக் கேட்டு, ‘இல்லை’ என்று ஒருவர் தம் உள்ளே டென்னிஸை விட்டு வீட்டுக்குள் நடந்து காட்டினால், அதன் பிறகு நாம் என்ன செய்வோம்? கருவியை அணைத்துவிட்டு அவரை வார்டுக்கு அனுப்பிவிடுவோமா?

அப்படியானால் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். 2012இல் கனடாவில், 12 ஆண்டுகளுக்கும் மேலாக மறுமொழியற்றிருந்த ஒருவரிடம் ஓவன் கேட்ட கேள்வி என் மனத்தில் நிற்கிறது. வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று விடை வந்தது. அந்தக் கேள்வியில் சிக்கலான விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. விடை எதுவாயினும் அன்றே அதன்படி நடக்க முடியும். வலி, தாகம், வெளிச்சம், அறையின் ஓசை, எந்தப் பக்கம் படுக்க வைப்பது, யார் வந்தால் நலம் என்று இப்படிச் சிறியவற்றிலிருந்து பல நாள்கள் பேசிப் பழகிய பின்னரே பெரிய கேள்விக்கு ஒரு தளம் உண்டாகும். அந்தத் தளம் உண்டாகாமலே போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது, நான் மறக்க விரும்பியும் இயலாத ஒன்று. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். பக்கவாதத்துக்குப் பின் ஏழு வாரங்கள் கண் திறந்தபடி கிடந்தார். மருத்துவர் இரண்டு மகன்களையும் அழைத்துப் பேசினார். எனக்கு மொழிபெயர்க்கும் வேலை. பேச்சு படுக்கையருகிலேயே நடந்தது. ஒருவர் தலைமாட்டின் இப்பக்கம், மற்றவர் அப்பக்கம். மருத்துவர் சொன்னது, நிமோனியா மீண்டும் வந்தால் சுவாசக் கருவி பொருத்துவது அவருக்கு நன்மை தருமா என்று எண்ணிப் பாருங்கள் என்பதே. நான் அதை, ‘மெஷின் போடலாமா, விட்டுடலாமான்னு டாக்டர் கேக்குறாரு’ என்று பெயர்த்தேன். ‘விட்டுவிடலாமா’ என்னும் சொல் அந்த அறையில் விழுந்த விதம் இன்றும் என் காதில் இருக்கிறது. மூத்தவர், ‘நான் விடமாட்டேன்’ என்றார். இளையவர், ‘பாத்துக்கிறது யாரு, நீயா?’ என்றார். பிறகு மருத்துவமனைக் கட்டணம் வந்தது. வீவக வீடு வந்தது. பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு திருமணம் வந்தது. கால்மணி நேரம் இருக்கும். அவர்களை வெளி வராந்தாவுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டியவள் நான், போகவில்லை. அந்த அம்மாவின் இடக்கண்ணிலிருந்து நீர் வடிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அவர்கள் போனபின் துடைத்துவிட்டேன்.

அந்நீருக்குப் பொருள் ஒன்றும் இல்லாமலிருக்கலாம். இமை சரியாக மூடாத கண்ணில் நீர் வடிவது இயல்பு. எல்லாத் தாதியரும் அறிவர். அவர் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கக்கூடும் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை என்பதே என் குற்றம். 2006ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது டென்னிஸ் ஆடிய அந்த இளம்பெண்ணைப் பற்றி நான் எண்ணவில்லை; இந்த அம்மாவைத்தான் எண்ணினேன்.

அவருடைய மகன்களைக் குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் இம்முடிவு எவ்வளவு கனமானது என்பதை அறிவேன். இங்கே மாணவர்களும் இருப்பதால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.பி.ஏ. எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் மகனையோ மகளையோ நியமித்துவிட்டால், உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றியும் அவரே முடிவெடுப்பார் என்று பலர் கருதுகிறார்கள். அப்படி இல்லை. அம்முடிவு, நோயாளியின் நலனை முன்வைத்து மருத்துவர் எடுப்பது, குடும்பத்தாரைக் கலந்துகொள்வார். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 21 வயது நிறைந்தவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களுள் ஒருவர் மருத்துவர், ஏ.எம்.டி. எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவில் கையெழுத்திடலாம். ஆனால் அது, இறப்பு நெருங்கிவிட்ட, மீள வழியற்ற நோயாளிக்கே பொருந்தும். கண்ணைத் திறந்தபடி ஆண்டுக்கணக்கில் நிலையாகக் கிடப்பவரின் பல கேள்விகளுக்கு அத்தாளில் விடை இருக்காது.

எனவே கடைசியில் எல்லாரும் ஒன்றைத்தான் தேடுகிறார்கள்: அவர் முன்பு என்ன சொன்னார்? நோயாளியின் கடந்தகால விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் கருத வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. அப்போது குடும்பத்தார் ஒரு வாக்கியத்தைக் கொண்டுவருவார்கள். நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க, மிஸ்ஸி.’ ‘கைகால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துடணும்னு அப்பா சொல்வாரு.’ இவ்வாக்கியங்களைச் சொல்லாத தமிழ்த் தாயோ தந்தையோ உண்டா? முழங்கால் வலிக்கும் நாளில் அம்மா அப்படிச் சொல்வார். மறுநாள் காலை தேக்கா சந்தைக்குப் போய் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அது மரபுத்தொடர், சில வேளை சலிப்பு, சில வேளை மருமகளுக்கு விடுக்கும் மறைமுகச் செய்தி. அதைச் சுவாசக் கருவி வேண்டாம் என்னும் உத்தரவாகப் படிப்பது சரியன்று. வெறும் பேச்சென்று தள்ளிவிடவும் முடியாது. சிலர் அதை உண்மையாகவே கருதிச் சொல்லியிருப்பார்கள். எப்போது சொன்னார், யாரைப் பார்த்துவிட்டு வந்தபின் சொன்னார், எந்தச் சொற்களில் சொன்னார் என்று கேட்டால்தான் தெரியும். ‘பக்கத்து வீட்டு அண்ணன் ஓர் ஆண்டு குழாயோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு இப்படி வேண்டாம் என்றார்’ என்று ஒரு மகள் சொன்னபோது, அறையில் இருந்த மருத்துவர்கள் எழுதுகோலை எடுத்தார்கள்.

நலமாக இருப்பவர் முன்கூட்டிச் சொல்வதும் முழுமையான வழிகாட்டி ஆகாது. மனம் முழு விழிப்போடு இருக்க, உடல் முழுவதும் செயலிழந்து, கண்ணசைவு மட்டும் எஞ்சிய நிலை ஒன்று உண்டு. மறுமொழியற்ற விழிப்புநிலையிலிருந்து அது வேறானது. எனினும் முதலில் இதுவென்று தவறாகக் கருதப்பட்டவர்கள் உண்டு. அத்தகையோரிடம் லியேஜ் ஆய்வாளர்கள் வினாத்தாள் அனுப்பிப் பெற்ற 65 பேரின் விடைகள் 2011இல் வெளிவந்தன. 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். 18 பேர் இல்லை என்றார்கள். விடை அனுப்ப முன்வந்தவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், ‘இப்படி வாழ்வதைவிட…’ என்று நாம் எளிதில் தொடங்கும் வாக்கியத்தை முடிக்கும் முன் அந்த 47 பேரையும் எண்ண வேண்டும். அந்த 18 பேரையும் எண்ண வேண்டும்.

அவ்வாறு கண்ணசைவு மட்டும் எஞ்சியவர்களுள் உலகறிந்தவர் பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் போபி. 1995 டிசம்பரில் பக்கவாதம் கண்டவர், இடக்கண் இமையை மட்டும் அசைத்து ஒரு நூலையே சொல்லி எழுதுவித்தார். பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் எழுத்து முதலில் வருமாறு நெடுங்கணக்கை மாற்றி அடுக்கி, உதவியாளர் ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்தது. சில நாள்களில் அவர் காலமானார்.

நான் பணியாற்றிய வார்டுகளில் இருந்த எழுத்துப் பலகைகள் ஆங்கிலப் பலகைகள். ஒருமுறை தமிழ் மட்டுமே அறிந்த ஒரு முதியவருக்காக நாங்கள் பலகை தேடியபோது, 247 எழுத்தை எப்படி வாசித்து முடிப்பது என்று உடன்பணியாற்றிய சீனத் தாதி மலைத்துப்போனார். அந்த முதியவரின் பேத்தி தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். தன் புத்தகப் பையிலிருந்து உயிர்மெய் அட்டவணையை எடுத்து நீட்டினாள். மெய் 18 வரிசை, உயிர் 12 நிரல். முதலில் மெய்யைத் தேர்ந்து, பிறகு உயிரைத் தேர்ந்தால், 216 உயிர்மெய்களில் எதையும் மிகுதியாகப் போனால் 30 வாசிப்பில் எட்டிவிடலாம். அன்று மாலைக்குள் அவர் முதற்சொல்லைச் சொன்னார். ‘தண்ணி.’ அவர் இலக்கணச் சுத்தமாகத் ‘தண்ணீர்’ என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுக்க எண்ணினால், பேச்சுத்தமிழில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அவ்வரிசையில் அந்த அட்டவணையை மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் அச்சிட்டு அருகிலுள்ள தாதிமை இல்லத்துக்குக் கொடுத்தால், அங்கே யாருக்கேனும் அது தேவைப்படும்.

இறுதியாக என் தாயாரைப் பற்றி ஒரு சொல். தொழிலில் பிறரிடம் கேட்கச் சொல்லிவந்த கேள்வியை என் சொந்த வீட்டில் கேட்க எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, நினைவில்லாமல் படுத்துவிட்டால் உனக்கு என்னம்மா செய்ய வேண்டும் என்று கேட்டேன். குழாய், கருவி என்று பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தலை நிமிராமல், ‘அதெல்லாம் நீயும் டாக்டரும் பாத்துக்குங்க. கஷ்டப்படுத்தாம இருந்தாப் போதும். ஆனா யாரு வந்திருக்காங்கன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லு. இருட்டுல யாரோ நடமாடுற மாதிரி எனக்கு இருக்கக் கூடாது’ என்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்நாள் வந்தது. பதினோரு நாள்கள் கிடந்தார். அறைக்குள் வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அவரிடம் அறிவித்தேன். அண்ணன் வந்திருக்கிறார், ஜொகூரிலிருந்து சித்தி வந்திருக்கிறார், மேல்மாடி மலாய்க்கார அக்கா வந்திருக்கிறார் என்று சொன்னேன். கண்ணிலோ கையிலோ எதுவும் தெரியவில்லை. பத்தாம் நாள் இரவு, மருந்துப் பையை மாற்ற ஓர் இளம் தாதி வந்தார். அவருடைய பெயரையும் கேட்டு அம்மாவிடம் சொன்னேன். மியன்மாரிலிருந்து வந்தவர் அவர். பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு முறை ஆயிற்று.